கிருத்திகைக்கு ஒரு டப்பா

"முதல்ல வயசுங்க. அது எனக்கு ஆயிருச்சு" என்று கட்டைவிரலை மடக்குவாள். "ரெண்டாவது படிப்பு. இண்டர்மீடியட் பாஸுங்க. மூணாவது, உள்ள நொழையறதுக்கே ஒரு பரீட்சை இருக்கு. அதையும் எழுதியாச்சு. நாலாவது, ஒரு ஆடிட்டர்கிட்ட பத்திரம் எழுதிக் குடுத்து நாலு வருஷம் வேல பாக்கணும். அஞ்சாவது..."

இதற்குள் கொடைக்கானல் கடைத்தெரு ஏற்றத்தில் பாதி முடிந்திருக்கும். கூட வருகிறவருக்கு மூச்சு வாங்கும். தமயந்திக்கு வாங்காது. அண்ணனுடைய பழைய கம்பளிச் சட்டை முழங்கால்வரை தொங்க, பின்னல் முதுகில் குதிக்க, சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு ஐந்தாவது தகுதியை விளக்கிக்கொண்டே போவாள். "அஞ்சாவதுதாங்க கஷ்டம். நாலு வருஷமும் ஒழுங்கா வேல பாத்தான்னு அந்த ஆடிட்டரே கையெழுத்துப் போட்டுத் தரணும். அந்தக் காகிதம் இல்லாம கடைசிப் பரீட்சைக்கு மனுவே போட முடியாது."

அவளிடம் கேள்வி கேட்டவர் ஆடிட்டர் பரீட்சையைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும் என்பதில்லை. "எங்க தாயி போற?" என்று கேட்டாலே போதும். தபால்காரர் கேட்டுவிட்டு மாட்டிக்கொண்டிருக்கிறார். ஏரியில் படகு விடுகிறவர் மாட்டிக்கொண்டிருக்கிறார். வில்பட்டியிலிருந்து முட்டைக்கோஸ் மூட்டையோடு வரும் இருளாயி எத்தனை முறை கேட்டாளோ, அவளுக்கு ஐந்தும் மனப்பாடம். ஒருநாள் தமயந்தி அவசரத்தில் இரண்டிலிருந்து நான்குக்குத் தாவிவிட்டாள். "மூணாவத விட்டுட்டியே தாயி" என்று இருளாயி மூட்டையைக்கூட இறக்காமல் திருத்தினாள்.

உண்மையில் தகுதிகள் ஆறு. ஆறாவது, டில்லியிலிருந்து வந்த விதிப் புத்தகத்தில் கிடையாது. அது அவள் அம்மா கந்தம்மாள் போட்ட விதி.

பழனி அடிவாரத்தில், கிரி வீதியில், அவர்களுக்கு ஒரு கடை. திருநீறு, சந்தனம், பஞ்சாமிர்தம். அப்பா பின்கட்டில் வாழைப்பழம் பிசைவார். அம்மா முன்னால் வியாபாரம் பார்ப்பாள். தமயந்தி நடக்கக் கற்றது கடைப் பலகையைப் பிடித்துக்கொண்டுதான். பத்து வயதிலேயே, திருநீற்றுப் பொட்டலம் மடிக்கும் வேகத்தில் அவளை மிஞ்ச அந்த வீதியில் ஆள் இல்லை. அப்படிப்பட்ட பெண் இண்டர்மீடியட்டில் கணக்கில் முதலாவதாக வந்து, ஆடிட்டர் ஆகப் போகிறேன் என்றாள். அப்பாவுக்கு உள்ளூரச் சந்தோஷம். கந்தம்மாள் மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள், பேரம் படிந்தவளைப்போல் சொன்னாள்: "போறதுன்னாப் போ. ஆனா கிருத்திகைக்குக் கிருத்திகை எங்கூட கடையில நிக்கணும். ஒரு கிருத்திகை தப்புனாலும் அன்னிக்கே மூட்டையக் கட்டிட்டு வந்துரணும். சம்மதமா?"

முருகனுக்கு உகந்த அந்த நட்சத்திரத்தன்று பழனியில் கூட்டம் நெரியும். கடையில் நான்கு கை இருந்தாலும் போதாது. தமயந்தி சம்மதித்தாள். ஆறாவது விரலுக்கு எங்கே போவது என்பதால் அதை மட்டும் யாரிடமும் சொல்வதில்லை.

அடுத்த கஷ்டம் ஆடிட்டர் கிடைப்பது. மதுரையில் ஒருவர், "பெண்பிள்ளைக்கு இங்கே உட்கார இடமில்லை" என்றார். திண்டுக்கல்லில் ஒருவர், கல்யாணப் பத்திரிகை கொண்டுவரச் சொன்னார். கடைசியில் ஒப்புக்கொண்டவர் கொடைக்கானல் ஆடிட்டர் சேனாதிபதி. இழுப்பு நோய்க்காக மலை ஏறி வந்து, இழுப்பு நின்று, குளிர் பிடித்துக்கொண்ட மனிதர். முப்பத்தைந்து வயது, இரண்டு ஸ்வெட்டர், ஒரு மப்ளர். பெண்களின் முன்னேற்றத்தைப் பற்றி அவருக்கு அபிப்பிராயம் ஒன்றும் கிடையாது. "இந்தக் குளிருக்கு ஒரு பயலும் நாலு மாசம் தாங்கலம்மா. நீ தாங்குவியா?" என்று மட்டும் கேட்டார். தாங்குவேன் என்றாள். "ஆதாரம்?" என்றார்.

அதுதான் சேனாதிபதி. எதற்கும் அவருக்கு ஆதாரம் வேண்டும். மழை வருகிறது என்று யாராவது சொன்னால், ஜன்னல் வழியாகக் கையை நீட்டி நனைத்துப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுவார். மலையிலுள்ள ஓட்டல்களும், தோட்டங்களும், பூம்பாறைப் பூண்டு வியாபாரிகளும் அவரிடம் நடுங்கினார்கள். அவர் குளிரில் நடுங்கினார். அலுவலகத்தில் யாராவது ஒருவர் எப்போதும் நடுங்கிக்கொண்டிருந்தார்.

நடுங்காதவர் பொன்னுச்சாமி ஒருவர்தான். தட்டெழுத்தும் அவரே, தலைமைக் குமாஸ்தாவும் அவரே. வேலையைச் சுருக்கமாக முடிப்பதில் அவருக்குப் பெரிய நம்பிக்கை. தமயந்தி வந்து சேர்ந்த வாரமே, மாதா மாதம் கிருத்திகைக்கு இரண்டு நாள் விடுப்பு வேண்டும் என்று கேட்டாள். பொன்னுச்சாமி உடனே விடுப்புப் பதிவேட்டில் அவளுக்கென்று தனிப் பக்கம் ஒதுக்கினார். அடிக்கோல் வைத்து வருஷத்துக்குப் பன்னிரண்டு பெட்டி போட்டார். தலைப்பில் 'கிருத்திகை லீவு' என்று எழுதினார். ஒரு பெட்டியில் ஒரு குறி போட்டால் இரண்டு நாள் கழிந்தது என்று அர்த்தம். "இனிமே நீங்க கேக்க வேணாம், நான் எழுத வேணாம். டிக் போட்டாச் சோலி முடிஞ்சது" என்றார். அவருக்கே அது மிகவும் பிடித்துப்போயிற்று.

அந்த இரண்டு நாள் தமயந்திக்குத் திருவிழா. வெள்ளி முளைக்கும்போதே வில்பட்டிப் பெண்களோடு ஒற்றையடிப் பாதையில் இறங்கத் தொடங்குவாள். அவர்கள் தலையில் காய்கறிக் கூடை. இவள் வாயில் விதிப் புத்தகம். இறக்கத்தில் நடப்பது அவளுக்கு ஒத்துவராது, ஓடுவாள். வளைவுக்கு வளைவு நின்று, பின்னால் வருகிறவர்களுக்காகக் காத்திருப்பாள். "வெரசா வாங்க" என்பாள். "நாங்க கோசு கொண்டாறோம் தாயி, நீ காத்துல வர்ற" என்பாள் இருளாயி. மத்தியானம் பழனி. சாயங்காலம் தங்கத் தேர் சுற்றி முடிகிறவரை கடையில் நிற்பாள். கையில் பொட்டலம் பறக்கும். மறுநாள் திண்டுக்கல், வத்தலக்குண்டு என்று பஸ் மாறி மாறி மலை ஏறுவாள். வருகிறபோது அலுவலகத்துக்கு ஒரு டப்பா பஞ்சாமிர்தம்.

கிருத்திகைக்கு ஒரு டப்பா. இது தவறியதே இல்லை. டப்பாவைப் பொன்னுச்சாமி வாங்கிக்கொள்வார். ஆடிட்டருக்கு ஒரு கரண்டி, மீதி அவருக்கு. காலி டப்பாவை எறிய அவருக்கு மனம் வராது. அதில் குண்டூசி போட்டார். கோந்து ஊற்றினார். மழையில் ஒழுகும் இடத்தில் வைத்தார். மண் நிரப்பி ஜெரேனியம் நட்டு ஜன்னலில் வரிசை கட்டினார். நாலு வருஷத்தில் அந்த அலுவலகமே பஞ்சாமிர்த டப்பாவில் குடியிருந்தது என்று சொல்லலாம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பது ஜூலை வந்தது. பதினெட்டாம் தேதியோடு தமயந்தியின் நாலு வருஷம் முடிகிறது. விதிப்படி இத்தனை நாள்தான் விடுப்பு என்று ஓர் எல்லை உண்டு. தாண்டினால், தாண்டிய நாளுக்கு நாள் கூடுதலாக உழைத்துக் கொடுத்தால்தான் சான்றிதழ். அவள் கெட்டிக்காரி. டைபாய்டு, அண்ணன் கல்யாணம், தைப்பூசம், நாற்பத்தெட்டுக் கிருத்திகை எல்லாம் போக மிச்சமிருந்த நாளை எண்ணி, ஜூன் மாதத்தில் படிப்பதற்கென்று கடைசி நாள்வரை எடுத்துத் தீர்த்துவிட்டாள். எல்லைக்கோட்டில் நெல்மணி அளவு இடைவெளி இல்லை. பதினெட்டாம் தேதி கையெழுத்து, அன்றே தபால், நவம்பரில் பரீட்சை.

ஜூலை முதல் தேதி கிருத்திகை. வழக்கம்போல ஓடி இறங்கினாள், கடையில் நின்றாள். மறுநாள் காலையில் பஸ் ஏற்ற வந்த கந்தம்மாள், டப்பாவை மடியில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "இந்த மாசம் ரெண்டு கிருத்திகை வருது. இருவத்தெட்டாந் தேதி ஆடிக் கிருத்திகை, அதுவும் செவ்வாக்கெழமை. கூட்டம் சொல்லி முடியாது. வெள்ளனே வந்து சேரு."

தமயந்தி தலையாட்டினாள். பஸ் கிளம்பிற்று. வத்தலக்குண்டு தாண்டி, மலையில் மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் அந்த வார்த்தை அவள் மண்டையில் போய் முட்டியது. இந்த மாசம் ரெண்டு.

மாதக் கிருத்திகை என்றுதானே ஊரே சொல்கிறது. மாதத்துக்கு ஒன்று என்றுதானே பொன்னுச்சாமி பெட்டி போட்டார். ஆனால் நட்சத்திரம் இருபத்தேழு. சந்திரன் இருபத்தேழு நாளில் சுற்றி வந்துவிடுகிறான். அவன் ஜனவரி பிப்ரவரி பார்த்துச் சுற்றுவதில்லை. நாலு வயதில் இருபத்தேழு நட்சத்திரத்தையும் ஒரே மூச்சில் ஒப்பித்த பெண்தான். இன்றுவரை இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்ததில்லை. பஸ் டிக்கெட்டைத் திருப்பி, பென்சிலை எச்சில் தொட்டு, நாலு வருஷத்து நாளை இருபத்தேழு சொச்சத்தால் வகுத்தாள். ஒரு வளைவில் கணக்கு பக்கத்து ஆளின் வேட்டிமேல் ஏறிற்று. மறுபடி வகுத்தாள். ஐம்பத்து மூன்று.

பெட்டி நாற்பத்தெட்டு. அவள் இறங்கி ஓடியது ஐம்பத்து மூன்று முறை. ஐந்து கிருத்திகை எந்தப் பெட்டியிலும் விழவில்லை. பத்து நாள், எல்லையைத் தாண்டிக் கிடக்கிறது. உலகத்தில் அவளைத் தவிர யாருக்கும் தெரியாது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள் உண்டு. தமயந்தியால் ஒரு கடுகைக்கூட மறைக்க முடியாது. மறைத்தால் விக்கல் வந்துவிடும். சின்ன வயதில் வெல்லம் திருடித் தின்றுவிட்டு விக்கியே அகப்பட்டவள். மறுநாள் காலை அலுவலகத்துக்குள் நுழையும்போதே விக்கினாள். "ஊர்ல அம்மா நெனைக்கிறாங்க" என்றார் பொன்னுச்சாமி. அடுத்த நாளும் விக்கினாள். "அப்பாவும் நெனைக்கிறாரு." ஒரு வாரம் போனபின், "பழனியே சேந்து நெனைக்குது போலருக்கு" என்று தண்ணீர்ப் பானையை அவள் மேசைக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து வைத்துவிட்டார். ஏற்றத்தில் அவளைத் தகுதி கேட்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள். கேட்டால் நாலாவது விரலை மடக்கும்போதே விக்கல் வந்தது. இருளாயி மட்டும், "பிள்ளைக்கு என்னமோ தொண்டையில நிக்குது" என்றாள்.

சும்மா இருந்தால் எல்லாம் சுபம். அது அவளுக்குத் தெரியும். சொன்னால் பத்து நாள். மனு டில்லியில் இருக்க வேண்டிய கடைசி நாள் ஜூலை முப்பத்தொன்று. தபால் போய்ச்சேர மூன்று நாள். இதை எல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்தபடியே பதினாறு நாள் விக்கிக்கொண்டிருந்தாள்.

பதினெட்டாம் தேதி சனிக்கிழமை. பொன்னுச்சாமி சான்றிதழை அழகாக அடித்து வைத்திருந்தார். சேனாதிபதி கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு பேனா மூடியைத் திருகினார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே; இதோ பூசாரியும் கொடுக்கிறார். நிப்பு காகிதத்தைத் தொடப் போனது.

"சார்" என்றாள். விக்கினாள். "அஞ்சு கிருத்திகையக் காணோம் சார்."

"காணோமா? கிருத்திகை எப்படிம்மா காணாமப் போகும்?"

சொன்னாள். நட்சத்திரம், சந்திரன், பெட்டி, பஸ் டிக்கெட் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. பொன்னுச்சாமியின் முகம் மெல்ல மெல்ல மாறிற்று.

"ஒரே மாசத்துல ரெண்டாவது தடவ நீங்க போனப்ப டிக் போடப் போனேங்க" என்றார். "பாத்தா ஏற்கெனவே டிக் கெடக்கு. சரி, நான்தான் முன்னாடியே போட்டு வச்சிருக்கேன் போலன்னு மூடி வச்சிட்டேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "சார், எழுதுன பெட்டிதான கணக்கு. எழுதாதத யாரு பாக்கப் போறா?"

சேனாதிபதி அவரைப் பார்க்கவில்லை. பேனாவை மூடினார். தமயந்தியைப் பார்த்தார். "சந்திரன் சுத்துறதெல்லாம் இருக்கட்டும். நீ அம்பத்து மூணு தடவ போனதுக்கு ஆதாரம்?"

தமயந்தியின் கண் ஜன்னல் பக்கம் போயிற்று. பொன்னுச்சாமியின் கண்ணும் அதே பக்கம் போய், சட்டென்று வேறு பக்கம் திரும்பிற்று.

"டப்பா" என்றாள்.

அந்த அலுவலகத்தின் சரித்திரத்தில் அப்படி ஒரு இருப்புச் சரிபார்ப்பு நடந்ததில்லை. சேனாதிபதி இரண்டாவது ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு, சிவப்புப் பென்சிலோடு எழுந்தார். "நீ கூப்பிடு, நான் டிக் பண்றேன்" என்றார். ஜன்னலில் ஜெரேனியம் இருபத்திரண்டு. தாழ்வாரத்தில் மிளகாய் நாற்று பதினொன்று. மேசைகளில் குண்டூசி, கோந்து, பேனா வகையறா ஆறு. அலமாரிக்கு அடியில் காலியாகக் கவிழ்ந்து கிடந்தவை எட்டு. ஒழுகலுக்கு வைத்தவை மூன்று. தமயந்தி தரையில் ஊர்ந்து ஊர்ந்து கூப்பிட்டாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன் தலையில் தானே மண் அள்ளிப் போட்டுக்கொள்ளும் வேலையை இவ்வளவு உற்சாகமாக யாரும் செய்திருக்க மாட்டார்கள். விக்கல் எப்போது நின்றது என்று அவளே கவனிக்கவில்லை.

"அம்பது" என்றார் சேனாதிபதி. "மூணு கொறையுது."

பொன்னுச்சாமி தரையைப் பார்த்தார். "வீட்டுல ரெண்டு இருக்குங்க. ஒண்ணுல உப்பு, ஒண்ணு அரிசி அளக்க."

"பாக்கணும்."

பாதுஷா படையெடுத்ததுபோல் மூவரும் சந்துக்குள் இறங்கிப் போனார்கள். ஆடிட்டரே சிவப்புப் பென்சிலோடு வாசலில் நிற்பதைக் கண்ட பொன்னுச்சாமியின் மனைவி வீரம்மாள், ரேஷன் அதிகாரி என்று நினைத்து அரிசியை மறைக்க ஓடினாள். இரண்டு டப்பாவும் சரிபார்க்கப்பட்டன. ஐம்பத்திரண்டு.

திரும்பி ஏறும்போது சேனாதிபதி திடீரென்று நின்றார். மப்ளரைச் சரிசெய்தார். "ஒண்ணு... எங்கிட்ட இருக்கு" என்றார். "சவரத்துக்குச் சுடுதண்ணி வைக்கிறது." அவர் காது சிவந்திருந்தது. அதை மட்டும் ஆதாரம் கேட்காமல் மற்ற இருவரும் ஏற்றுக்கொண்டார்கள்.

ஐம்பத்து மூன்று. சந்திரன் சொன்னதும் டப்பா சொன்னதும் ஒன்றாக இருந்தன. அடித்து வைத்த சான்றிதழை ஆடிட்டர் நாலாக மடித்துக் குப்பையில் போட்டார். "இன்னும் பத்து நாள் வேல பாக்கணும். ஞாயித்துக்கெழமையும் வரணும், ஆபீஸத் தொறந்து வைக்கிறேன். பத்தாவது நாள் முடிஞ்சதும் கையெழுத்து. அன்னிக்கே மனு மெயில் பஸ் ஏறினாப் போய்ச் சேந்துரும்."

பொன்னுச்சாமி விரல் விட்டு எண்ணினார். பத்தொன்பது, இருபது என்று போய், பத்தாவது விரலில் நின்றுவிட்டார். "சார், பத்தாவது நாள் இருவத்தெட்டு."

தமயந்தி தண்ணீர்ப் பானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆடிக் கிருத்திகை. அன்று வேலைக்கு வந்தால் ஐந்தாவது தகுதி நிறைவேறும், ஆறாவது உடையும். பழனிக்குப் போனால் அம்மாவின் விதி நிற்கும், பரீட்சை போகும். ஒரு கிருத்திகை தப்பினாலும் மூட்டையைக் கட்டு என்று சொன்னவள் கந்தம்மாள். கந்தம்மாள் சொன்ன சொல்லை மாற்றிப் பழனியில் யாரும் பார்த்ததில்லை.

அன்றே கடிதம் எழுதினாள். எட்டுப் பக்கம். சந்திரன், பெட்டி, டப்பா எல்லாம் எழுதி, கடைசியில் "ஆகையால் இருபத்தெட்டாம் தேதி நான் வர இயலாது, அம்மா மன்னிக்க வேண்டும்" என்று முடித்தாள். பதில் வரவில்லை. ஒரு வாரம் தினமும் தபால்காரரைப் பார்த்தாள். அவர் தூரத்திலிருந்தே கையை விரித்தார். அவள் வேலை பார்த்தாள். ஓட்டல் ஒன்றின் சலவைச் சீட்டுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆடிட்டர் தும்மிக்கொண்டே எதிரில் உட்கார்ந்திருந்தார். இன்னொரு ஞாயிற்றுக்கிழமையும் தும்மினார். அம்மா கோபமாக இருக்கிறாள் என்ற நினைப்பு அவளுக்குக் குளிரைவிட அதிகமாக உறைத்தது.

இருபத்தெட்டாம் தேதி காலை எட்டு மணிக்கே சேனாதிபதி அலுவலகத்தைத் திறந்துவிட்டார். பத்து மணிக்கு முன்னால் அவர் போர்வையைவிட்டு வெளியே வந்ததை மலையில் யாரும் கண்டதில்லை. "நாலு மணிக்கு ஒருநாள் வேல முடிஞ்சிரும். நாலரைக்கு மெயில் பஸ்" என்றார். வெளியே வெள்ளை மூட்டமாய் மஞ்சு ஜன்னல்வரை வந்து ஜெரேனியத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. இந்நேரம் வில்பட்டிப் பெண்கள் பாதி மலை இறங்கியிருப்பார்கள் என்று தமயந்தி நினைத்துக்கொண்டாள். சீட்டுகளைப் புரட்டினாள்.

பன்னிரண்டு மணி சுமாருக்கு வாசலில் யாரோ வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. பொன்னுச்சாமி எட்டிப் பார்த்தார். தலையில் ஒரு துண்டு, கழுத்தில் ஒரு துண்டு, இடுப்பில் ஒரு பெரிய துணிமூட்டை, கையில் ஒரு டப்பா. முந்தின நாளே கிளம்பி வத்தலக்குண்டில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி, காலை பஸ்ஸில் எல்லா வளைவையும் வயிற்றில் வாங்கிக்கொண்டு, கந்தம்மாள் வந்து நின்றாள்.

தமயந்தி எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். "கடைய யாரும்மா பாக்கறா?"

"ஒங்கப்பா இருக்காரு. மேல முருகன் இருக்கான். ரெண்டு பேரும் பாத்துக்குவாங்க."

"இன்னிக்கு ஆடிக் கிருத்திகைம்மா."

"எனக்குத் தெரியாதாக்கும்." வாயைத் துடைத்துக்கொண்டு தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தாள். "கிருத்திகைக்குக் கிருத்திகை எங்கூட கடையில நிக்கணும்னு சொன்னேனா இல்லையா? நீ வரமாட்டேன்னு எட்டுப் பக்கம் எழுதிட்ட. அதான் கடையக் கொண்டாந்துட்டேன்."

மூட்டையை அவிழ்த்தாள். திருநீறு, சந்தனக் கட்டி, பொட்டலம் மடிக்கும் காகிதக் கட்டு. பெஞ்சின்மேல் துண்டை விரித்து எல்லாவற்றையும் பரப்பினாள். இரண்டு நிமிஷத்தில் ஆடிட்டர் அலுவலகத் தாழ்வாரம் கிரி வீதி ஆயிற்று. சேனாதிபதி கதவருகே வந்து பார்த்தார். வாயைத் திறந்தார். ஆதாரம் கேட்க எதுவும் அகப்படாமல் மூடிக்கொண்டார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்து, "சாப்பாட்டு நேரம் அரை மணி" என்றார். "அதுல எங்க வேணா நிக்கலாம்."

அந்த அரை மணி நேரம் தமயந்தி அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றாள். கையில் பொட்டலம் பறந்தது. மஞ்சுக்குள்ளிருந்து ஆள்கள் முளைத்தார்கள். பழனிக்குப் போக முடியாத கடைக்காரர்கள், சுமை தூக்குகிறவர்கள், படகு விடுகிறவர். அன்றைக்கென்று கால் பிசகி மலை இறங்காமல் நின்றுவிட்ட இருளாயிதான் முதல் போணி. "இந்தப் பிள்ளைய நீ பெத்ததா?" என்று கந்தம்மாளிடம் கேட்டாள். ஆமாம் என்றதும், "முதல்ல வயசு, ரெண்டாவது படிப்பு" என்று விரலை மடக்கத் தொடங்கினாள். கந்தம்மாள் ஐந்தையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆறாவது ஒண்ணு இருக்கு. இவ சொல்லிருக்க மாட்டா" என்றாள். மகளைப் பார்க்காமலே சொன்னாள். ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள். தமயந்திக்குக் கண் நிறைந்துவிட்டது. திருநீறு பறந்து விழுந்ததாகச் சொல்லித் துடைத்துக்கொண்டாள்.

அரை மணி முடிந்தது. உள்ளே போய் மிச்சச் சீட்டுகளை எடுத்தாள். நாலு அடித்ததும் சேனாதிபதி, ஒரு நொடி முன்னாலும் இல்லாமல் பின்னாலும் இல்லாமல், பேனா மூடியைத் திருகினார். கையெழுத்து விழுந்தது. மை காயப் பொன்னுச்சாமி வாயால் ஊதினார். அப்புறம் நடந்ததை ஏரிச் சாலையில் பார்த்தவர்கள் இன்றும் சொல்வார்கள்: முன்னால் கம்பளிச் சட்டை பறக்கத் தமயந்தி, பின்னால் இரண்டு துண்டும் பறக்கக் கந்தம்மாள், அவளுக்குப் பின்னால் பொன்னுச்சாமி, எல்லோருக்கும் பின்னால் மப்ளரை வாயில் கவ்விக்கொண்டு ஆடிட்டர். தபாலாபீசில் ரிஜிஸ்டர் சீட்டு ஒட்டி, பை கட்டி, பஸ்ஸில் ஏற்றியபோது மணி நாலு இருபத்தெட்டு. பஸ் வளைவில் மறையும்வரை நால்வரும் மூச்சு வாங்க நின்றார்கள். அன்று தமயந்திக்கும் மூச்சு வாங்கிற்று.

கந்தம்மாளை வீரம்மாள் காப்பிக்கு அழைத்துப் போனாள். ஆடிட்டர் போர்வையைத் தேடிப் போனார். தமயந்தி மட்டும் அலுவலகத்துக்குத் திரும்பினாள். அங்கே இனி அவளுக்கு ஒரு நாள்கூட வேலை பாக்கியில்லை. மேசைமேல் அம்மா கொண்டுவந்த டப்பா இருந்தது, ஐம்பத்து நான்காவது. பதிவேட்டை எடுத்து, தன் பக்கத்தைப் பிரித்து, ஜூலைப் பெட்டிக்குப் பக்கத்தில் அடிக்கோலை வைத்தாள். காலி ஓரத்தில் நாலு கோடு இழுத்து இன்னொரு பெட்டி போட்டாள். அதற்குள் 'ஆஜர்' என்று எழுதினாள். கொஞ்சம் யோசித்து, நாளைக்கு யாராவது எண்ணிப் பார்த்தால் குழம்பக்கூடாதே என்று, அடியில் பொடி எழுத்தில் சேர்த்தாள்: 'டப்பா, அம்மா கொண்டுவந்தது.'